பெப்ரவரி மாதத்து வெறும் நாட்கள்

மகன், நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது பற்களே முழுதாக முளைக்கவில்லை. மற்றத் தாய்மார் பிள்ளை கலியாணம் கட்டும்போதோ, படிக்கவென்று வேறு ஊருக்குப் போகும்போதோ இப்படியான கடிதங்களை எழுதுவார்கள். எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. பொறுத்தால் மறந்துவிடுவேன் என்று ஒரு பயம். மறக்காவிட்டால் எல்லாவற்றையும் அழகாக்கிச் சொல்லிவிடுவேன் என்று அதைவிடப் பெரிய பயம். நான் பயப்படுவதற்கென்றே பட்டம் எடுத்தவள் என்று உன் அப்பா பகிடி பண்ணுவார். பண்ணட்டும். வருகிற திங்கட்கிழமையோடு என் மகப்பேற்று விடுப்பு முடிகிறது. டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் சமையலறைக்கு மீண்டும் வேலைக்குப் போகிறேன். தனியே இருக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற சின்னத் தொண்டு நிறுவனம் அது. மூன்று வருடம் எங்களைத் தாங்கிய ஓர் அறக்கட்டளையின் மானியம், நான் உன்னோடு வீட்டில் இருந்த நாட்களில் முடிந்துவிட்டது. அந்த மானியம் இல்லாமல் வரப்போகிற முதல் பெப்ரவரி இது. அந்த மாதம் முழுவதும், ஒரு நாள் தவறாமல், அந்த மனிதர்களின் கதவை யார் தட்டப்போகிறார்கள் என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நித்திரையும் வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சமையலறையைத் தொடங்கியவர் இராசநாயகம் அங்கிள். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து முதலாவது ஆண்டுத் திவசத்துக்கு மண்டபம் எடுத்து இனசனத்துக்குச் சோறு போடாமல், அவரே சமைத்து, டோர்செட் பார்க் தொடர்மாடிகளில் தனித்திருந்த வயதானவர்களின் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேள்விப்பட்டவர்கள் "எங்கட அம்மான்ர திவசத்துக்கும் இப்பிடிச் செய்து தருவியளோ அண்ணை?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் வளர்ந்தது. ஒரு குடும்பம் ஒரு நாள். மளிகைக் கடைக்காரர் இனாமாகத் தந்த கலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கும். காசு கிடைத்த ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் செத்துப்போன ஒருவரின் பெயர். பெயர் இருந்தால் அன்று அடுப்பு எரியும். பெயர் இல்லாத நாளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வெறும் நாள்.

நான் அங்கே தொண்டராகப் போனது பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில். எனக்குத் தந்த வேலை படம் எடுப்பது. இறந்தவரின் சட்டம் போட்ட படத்தை ஒரு கையிலும் சாப்பாட்டுப் பொதியை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு வயதானவர்கள் வாசலில் நிற்பார்கள். நான் எடுத்து வட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்புவேன். அவர்கள் அதை இலண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்புவார்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. காசு தந்தவர்களுக்குத் தங்கள் அப்பாவின் பெயரில் யாரோ சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். அது ஆசைதானே, அகங்காரம் இல்லை. மறுத்தவர் ஒரே ஒருவர். பதினோராம் மாடியில் இருந்த திரேசம்மா அன்ரி. மன்னார்க்காரி, பிள்ளைகள் இல்லை, புருஷன் செத்துக் கனகாலம். "என்ர மூஞ்சியை ஆற்றயோ செத்தவீட்டுக்கு அனுப்பாத பிள்ளை. நான் உயிரோட இருக்கிறன்" என்று கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு கையை மட்டும் நீட்டுவார்.

அவருடைய வாயை நீ கேட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "இண்டைக்கு ஆர் செத்தது?" என்பதுதான். நான் பெயரைச் சொல்வேன். "சைவமோ வேதமோ?" வேதம் என்றால் கிறிஸ்தவர், அவருடைய ஆட்கள். சைவக் குடும்பம் என்றால் முகத்தைச் சுளிப்பார். "உங்கட ஆக்கள் செத்தா எனக்குப் பருப்பும் கத்தரிக்காயும். எங்கட ஆக்கள் செத்தாத்தான் மீன். எங்கட ஆக்களும் சாகுதுகள் இல்லை, என்ன செய்ய?" எலிவேற்றரில் இறங்கும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அந்தச் சிரிப்புக்குள் இருந்த கணக்கு எனக்கு அப்போது உறைக்கவில்லை. மே மாதத்தில் கலண்டரில் இடமே இருக்காது. போர் முடிந்த மாதம் அது, ஏன் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளுக்கு மூன்று நான்கு குடும்பங்கள் போட்டி போடும். அன்ரிமாருக்கு ஒரே மத்தியானம் இரண்டு பொதி, மூன்று பொதி போகும். பெப்ரவரியில் பாதிக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடக்கும்.

அறக்கட்டளையின் மானியம் கிடைத்தபோது இராசநாயகம் அங்கிள் சாப்பாடு ஏற்ற ஒரு புது வானும் பெரிய பானைகளும் வாங்குகிற யோசனையில் இருந்தார். காசோடு ஓர் ஆளும் வருவார், வாரம் ஒரு நாள் எங்களோடு இருந்து வேலை செய்வார் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "காசு காணும். ஆளை நீங்களே வைச்சிருங்கோ" என்று தொலைபேசியில் சொல்லியே விட்டார். ஆனாலும் ஆள் வந்தார். அபி அக்கா. இங்கே வளர்ந்தவர், நாற்பது வயது இருக்கும், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பானை கழுவுவார், பொதி கட்டுவார், என்னோடு மாடி ஏறுவார். இரண்டு மாதம் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. "உந்தப் பிள்ளைக்குச் சம்பளம் குடுத்து எங்கட பானை கழுவ விடுறாங்கள். வெள்ளைக்காரன் விசரன்தான்" என்று அங்கிள் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு புதன்கிழமை அபி அக்கா கலண்டருக்கு முன்னால் நின்று, கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்கிள், இந்த எம்ப்டி டேய்ஸ்ல அவை என்ன சாப்பிடுவினம்?"

"வெறும் நாளெண்டா வெறும் நாள்தான் பிள்ளை. ஆரும் தந்தாச் சமைப்பம்."

"இண்டைக்குச் சாப்பாடு வராதெண்டு அவைக்கு ஆர் சொல்லுறது?"

"ஒருதரும் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் கதவு தட்டுப்படாட்டி அவைக்கே விளங்கும்தானே."

அபி அக்கா கலண்டரை மே மாதத்துக்குப் புரட்டிப் பார்த்தார். பிறகுதான் தன் யோசனையைச் சொன்னார். பெயர் அந்தந்தத் திகதியில் இருக்கட்டும். அன்றைக்கு விளக்கு வைப்போம், பெயரை வாசிப்போம். காசை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வருடம் முழுவதற்கும் பகிர்வோம். மே மாதத்துக் காசில் பெப்ரவரியில் சமைப்போம். அங்கிளுக்கு முகம் கறுத்துவிட்டது. "திதி எண்டா திதிதான். அப்பன் செத்த நாளில குடுக்கிறதுதான் திவசம். மற்ற நாளில குடுத்தா அது வெறும் சோறு. உமக்கு உது விளங்காது, நீர் இஞ்ச வளந்தனீர்." அதற்குள் நானும் சேர்ந்திருந்த நிர்வாகக் குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காசு தருகிற குடும்பங்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். பிறகு பார்ப்போம் என்று முடித்தோம். அடுத்த கூட்டத்தில் பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்றோம். நம் சங்கங்களில் ஒன்றை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை மகன். பிறகு பார்ப்போம் என்றுதான் சொல்வோம்.

அந்தப் பெப்ரவரியில் கடும் பனி. கலண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் நாட்கள். அவை முடிந்து யாரோ ஒருவரின் திவசம் வந்த நாள், நான் பொதிகளோடு பதினோராம் மாடிக்குப் போனேன். திரேசம்மா அன்ரி கதவைத் திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பத் தட்டினேன். அன்றைய குடும்பம் படத்துக்காகக் காத்திருந்தது. என் சட்டைப் பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே ஓடிக் கட்டடப் பொறுப்பாளரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தோம். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். சில நாட்களாக அப்படியே கிடந்திருக்கிறார். விழுந்த உடனே உயிர் போகவில்லை என்று வைத்தியர் சொன்னார். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றபோது தொலைபேசியைப் பார்த்தேன். "தங்கச்சி, படம் இன்னும் வரேல்லை" என்று இருந்தது.

சாப்பாடு இல்லாததால் அவர் சாகவில்லை. அரிசியும் பாணும் அவர் வீட்டில் இருந்தன. யாரும் தட்டாததால் செத்தார். வாசலில் வைத்த பொதி எடுபடாமல் கிடந்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்கும். பொதியே போகவில்லை.

அடக்கப் பூசையில் இராசநாயகம் அங்கிள் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தார். அதற்கு அடுத்த புதன்கிழமை அபி அக்கா, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. "குறூப்தான் டிசைட் பண்ணோணும் எண்டு நானும் வெயிட் பண்ணினன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் பானைகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். அங்கிள் அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "உந்தப் பெயர் கிடந்தபடி கிடக்கட்டும். காசைச் சேருங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். ஒரு நாள் உன்னையும் யாராவது ஒரு சங்கத்தில் பொருளாளராக இழுத்துவிடுவார்கள், அல்லது உன்னிடம் கொடுப்பதற்குக் கொஞ்சம் காசு இருக்கும். அந்த மானியத்தில் நாங்கள் ஒரு மணி அரிசிகூட வாங்கவில்லை. அபி அக்கா விடவில்லை. "சாப்பாட்டுக்கு ஆக்கள் தருவினம். சம்பளத்துக்கு ஒருதரும் தரமாட்டினம். அதுக்குத்தான் இந்தக் காசு" என்றார். எனக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை வந்தது அப்படித்தான். கணக்கு எழுத மாதத்தில் சில நாள் ஒருவர் வந்தார். சமையலறையைச் சுகாதாரப் பரிசோதகர் ஒப்புக்கொள்ளும்படி திருத்தினோம். அங்கிளின் தலைக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் மட்டும் இருந்த பெயர்களும் இலக்கங்களும் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்துக்கு வந்தன. நிர்வாகக் கூட்டம் ஒன்றில் எப்படி மறுப்பது என்பதைக்கூட அபி அக்கா எங்களுக்குச் சொல்லித்தந்தார். சிரிக்காதே. நம்மவர்களுக்கு அதைச் சொல்லித்தரத்தான் வேண்டும். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கும், முதியோர் பகல் நிலையம் ஒன்றுக்கும் போனார். திங்கள், புதன், வெள்ளி அவர்களுக்குக் காசுக்குச் சமைத்துக் கொடுக்க ஒப்பந்தம் வந்தது. அந்த வருமானத்தில் அதே நாட்களில் எங்கள் முதியவர்களுக்கும் சமைக்க முடிந்தது. மற்ற நாட்களில் சம்பளத்தை மானியமும் சமையலைச் சேர்த்த காசும் தாங்கின. இரண்டு பெப்ரவரிகள் வெறும் நாள் ஒன்றுகூட இல்லாமல் போயின. தட்டாத நாள் இல்லை.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அங்கிளும் அபி அக்காவும் நானும் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களோடு கதைத்தோம். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு ஒன்று. தேத்தண்ணி தந்துவிட்டு அந்த வீட்டு அண்ணை கேட்டார், "எங்கட அப்பான்ர காசு வேற ஆற்றயோ நாளுக்குப் போறதோ?"

"உங்கட அப்பா மே மாதத்தில செத்தவர்" என்றார் அங்கிள். "மே மாதத்தில எங்கட கிழடுகள் மிஞ்சின சோத்தைக் குப்பைக்குள்ள போடுதுகள். நீங்கள் குப்பைக்கோ திவசம் குடுக்கப் போறியள்?"

அந்த வீட்டிலிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை. அப்படிப் பல வீடுகள். படம் எடுப்பதை நிறுத்தியதும் இன்னும் சிலர் போனார்கள். படம் அனுப்புகிற வேறொரு குழு இருந்தது, அங்கே கொடுத்தார்கள். அங்கிள் அதன் பிறகு மெல்ல மெல்லக் கூட்டங்களுக்கு வருவதைக் குறைத்து, ஒரு நாள் தலைவர் பதவியை விட்டார். ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும் என்ற விதி அவருக்கு அவமானமாக இருந்தது. "நான் களவெடுப்பன் எண்டோ?" என்று கேட்டார். நானும் அபி அக்காவும் எவ்வளவோ சொன்னோம். இப்போது ஒஷாவாவில் மகளோடு இருக்கிறார். நான் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. உன் பிறப்புச் செய்தியை மகளிடம்தான் சொன்னேன். அவர் இல்லாவிட்டால் அந்த அடுப்பு எரிந்திருக்காது. அவரே எல்லாமாக இருந்திருந்தால் அது அவரோடு அணைந்திருக்கும். இரண்டும் உண்மை, மகன். இரண்டையும் ஒருவருக்கே முகத்துக்கு முன் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில், உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அபி அக்காவின் கடைசிக் கூட்டத்துக்குப் போனேன். இன்னும் ஒரு வருடம் மானியத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதென்று எல்லோரும் தீர்மானித்திருந்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அறக்கட்டளை அடுத்ததாக வேறொரு சின்னக் குழுவிடம் போகிறது, அவரும் அங்கேதான் போகிறார். எனக்குக் கோபம் வந்தது. நெருப்பை மூட்டிவிட்டு நடுவில் போகிறீர்களே என்று கேட்டேன். "நான் இல்லாத நேரம் எதை விடாமச் செய்வியள்? அதை மட்டும் பிறாமிஸ் பண்ணுங்கோ. மிச்சத்தை அவைக்கு நேர போய்ச் சொல்லுங்கோ" என்றார். நான் வாயெடுக்கும் முன்பே, "ஓம் எண்டு மற்ற நாளையும் நீர் தலையில தூக்கி வைச்சா, நீர் இன்னொரு அங்கிள்தான்" என்றும் சொன்னார். கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் சொந்தக் காலில் நிற்கக்கூடியது வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு. திங்கள், புதன், வெள்ளி. அது நிச்சயம். யார் செத்தாலும் சாகாவிட்டாலும் நிச்சயம். மூன்று வருடத்துக்கு முன்பு எங்களிடம் நிச்சயமான நாள் ஒன்றுகூட இருக்கவில்லை. இதை நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

கடந்த வாரம் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்னேன். சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஓர் அன்ரி உன் காலைத் தடவிக்கொண்டு, நான் சொன்னது கேட்காதது போல நின்றார். கடைசியாகத் தம்பு அங்கிள். எட்டாம் மாடி, இடது கண் பார்வை குறைவு, முப்பது வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.

"அப்ப திங்கள், புதன், வெள்ளி."

"ஓம் அங்கிள்."

"மற்ற நாளில ஒருதரும் வரமாட்டியள்."

"சாப்பாடு வராது அங்கிள்."

அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியே தம்பி? இனி நான் விழுறதெண்டாலும் நாள் பாத்துத்தான் விழோணும்."

பகிடிதான் விட்டார். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். 

அன்றே நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். சமைக்கக் காசு வேண்டும், கதவைத் தட்டக் காசு வேண்டாம். மூன்று நாள் சாப்பாட்டோடு தட்டுவோம், மற்ற நான்கு நாளும் வெறுங்கையோடு போய்த் தட்டிவிட்டு வருவோம். கதவு திறந்தால் போதும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குக் கணக்கு எழுதுகிறவர் வருகிறேன் என்றார். வியாழன் உன் அப்பா, வேலைக்குப் போகிற வழியில். சனிக்கிழமைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பள்ளி முடிக்க இத்தனை தொண்டு மணித்தியாலம் வேண்டும் என்று தாங்களே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கோயில், பூசை, பிறந்தநாள் விழா, சாமத்தியவீடு. கேட்ட அத்தனை பேரும் என்னை மிக அன்பாகப் பார்த்து, பிறகு பார்ப்போம் என்றார்கள்.

மகன், உன்னிடம் காசு வந்தால் கொடு. கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாதே. கொஞ்சக் காலம் அங்கே நின்று பானை கழுவு. நீ போன பிறகு அவர்களிடம் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டே கழுவு. மிஞ்சுவது நீ நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும், அது உனக்குக் கசக்கும். எனக்கும் கசக்கிறது. பெப்ரவரி இந்த முறை ஞாயிற்றுக்கிழமையிலேயே தொடங்குகிறது. அபி அக்கா சொன்னதை மீறி, நாளை மறுநாள் நான் போய்த் தட்டுகிறேன். நீ அப்பாவோடு வீட்டில் இரு. அதற்கடுத்த ஞாயிற்றுக்கு ஆள் கேட்டு இன்னும் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுக்க இருக்கிறது.

அம்மா